அடுப்பங்கரை கேள்வி பதில்: இந்த வாரம் வெள்ளை சாசேஜ் கிரேவி

போன இதழ்ல தோசைக்கல்லை பழக்குறது எப்படின்னு எழுதுறப்ப நடுவுல ஒரே ஒரு வரி, "ஞாயித்துக்கிழமை அமெரிக்காக்காரங்க மாதிரி வெள்ளை சாசேஜ் கிரேவி வச்சு பெங்காலி ரொட்டியோட பசியாறினோம்"னு சும்மா போட்டு விட்டேன். அவ்வளவுதான், இந்த வாரம் வந்த கேள்வில முக்காவாசி அதைப் பத்திதான், தோசைக்கல்லை ஒருத்தர் கூட கண்டுக்கல. சரி, அதையே பேசி முடிச்சிடுவோம்.

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம் வாசகி): தங்கச்சி, என் மகன் அமெரிக்காவுல டென்னசி மாநிலத்துல இருக்கான், மருமகளும் அந்த ஊரு பொண்ணுதான். வர்ற தீபாவளிக்கு ரெண்டு பேரப்பிள்ளைங்களோட வராங்க. பெரியவன் போன்ல "பாட்டி, பிஸ்கட்டும் கிரேவியும் செஞ்சு தருவியா"ன்னு கேட்டான், நானும் சரிடா கண்ணான்னு சொல்லிட்டேன். பிஸ்கட்டுக்கு எதுக்குடா குழம்புன்னு எனக்கு இன்னும் விளங்கல. எங்க வீட்டுல மாடும் பன்னியும் சேர்க்க மாட்டோம். பொடி பாக்கெட் எதுவும் வாங்காம முதல்ல இருந்து நாமளே செய்ய முடியுமா?

பதில்: அக்கா, நல்ல வேளை கேட்டீங்க, இல்லன்னா மேரி பிஸ்கட்டை கோழிக்குழம்புல முக்கி அந்தப் பையன் கையில குடுத்திருப்பீங்க. அவங்க பிஸ்கட்னு சொல்றது நம்ம தேத்தண்ணிக்கு தொட்டுக்கிற பிஸ்கட் இல்ல, உப்பு போட்ட ஸ்கோன் மாதிரி மெத்துனு இருக்கிற சின்ன ரொட்டி. கிரேவியும் நம்ம கிரேவி இல்ல, வெங்காயம் தக்காளி மசாலா ஒண்ணும் கிடையாது, வெள்ளையா கெட்டியா மிளகு புள்ளி புள்ளியா தெரியிற பால் குழம்பு. சாசேஜ் கூட பிள்ளைங்க ரொட்டிக்குள்ள வச்சு சாப்பிடுற நீள சாசேஜ் கிடையாது. மூணுமே தெரிஞ்ச வார்த்தை, மூணுமே வேற வேற சாமான், அதுலதான் எல்லாரும் விழுறாங்க.

அவங்க ஊருல இதுக்கு போடுறது தோலுக்குள்ள அடைக்காத பச்சை சாசேஜ், அதாவது கொத்தின பன்னி இறைச்சில உப்பு, மிளகு, சேஜ்னு ஒரு காஞ்ச இலை, கொஞ்சம் மிளகாய், சில பேரு ஒரு சிட்டிகை சக்கரையும் போட்டு பிசைஞ்சது. அதை சட்டியில போட்டு வதக்குனா கொழுப்பு உருகி வரும், அந்தக் கொழுப்புலயே மாவை வறுத்து பால் ஊத்தி கொதிக்க விட்டா கிரேவி. இவ்வளவுதான் முழு ரகசியமும். இதை நீங்க மனசுல வச்சுக்கிட்டா போதும், ருசி கறியில பாதி, சட்டி அடியில ஒட்டிப் பிடிச்சிருக்கே பழுப்பா, அதுல மீதி. நம்மாளுங்க கறியை எடுத்து வச்சிட்டு சட்டியை கழுவி, புதுசா வெண்ணெய் போட்டு ஆரம்பிப்பாங்க பாருங்க, அங்கதான் கிரேவி செத்துப் போகுது. கழுவாதீங்க.

உங்களுக்கு கோழிதான். 500 கிராம் தொடைக்கறி, எலும்பு எடுத்து தோலோட. மார்க்கெட்ல கோழிக்கடைக்காரர்கிட்ட சொன்னா கொத்திக் குடுப்பாரு, நெஞ்சுக்கறி மட்டும் வேணாம், அதுல கொழுப்பே இல்ல, மரத்தூள் மாதிரி ஆயிடும். அதுல உப்பு ஒரு டீஸ்பூன், இடிச்ச கருமிளகு ஒரு டீஸ்பூன், கையில நசுக்குன காஞ்ச சேஜ் ஒரு டீஸ்பூன், காஞ்ச மிளகாய் இடிச்சது கால் டீஸ்பூன், குலா மெலாக்கா, அதான் தென்னஞ்சக்கரை, சீவுனது ஒரு டீஸ்பூன், சாதிக்காய் ஒரு சிட்டிகை. சாதிக்காய்க்கு நாம பினாங்குக்காரங்க யாரையும் கேக்க வேணாம், பாலிக் புலாவ் பக்கம் மரத்துலயே தொங்குது, சௌரஸ்தா மார்க்கெட்ல ஊறுகாய்க்காரங்க கடையில பழமா, காஞ்சதா, எல்லா ரூபத்துலயும் கிடைக்கும். முழுக் கொட்டையை வாங்கி அப்பப்ப துருவிக்குங்க, தூள் வாங்குனா சீக்கிரமே வாசம் போயிடும்.

இதையெல்லாம் போட்டு லேசா கலந்தா போதும், வடைமாவு மாதிரி போட்டு பிசையாதீங்க. உப்பு போட்டு ரொம்ப பிசைஞ்சா கறி பசை மாதிரி ஒட்டிக்கிட்டு ரப்பராட்டம் ஆயிடும், நமக்கு உதிரி உதிரியா வரணும். மூடி ராத்திரி ஐஸ்பெட்டியில வச்சிடுங்க, காலையில வாசம் இறங்கி இருக்கும். நேரம் இல்லன்னா அரை மணி நேரம் போதும்.

காலையில கனமான தட்டைச் சட்டி, இரும்பா இருந்தா ரொம்ப நல்லது, காய வச்சு ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு கறியைப் பரப்பி போடுங்க. போட்டதும் கிளறாதீங்க. ரெண்டு மூணு நிமிஷம் அப்படியே விட்டு அடியில செவந்த பிறகு திருப்பி, கரண்டியால உடைச்சு உடைச்சு, மொத்தம் ஒரு 8, 10 நிமிஷம். கோழி தண்ணி விடும், அந்தத் தண்ணி வத்துற வரைக்கும் வேகுறதுதான், தண்ணி போன பிறகுதான் வறுபடவே ஆரம்பிக்கும், அந்தச் சத்தம் மாறுறது உங்களுக்கே கேக்கும், இத்தனை வருஷம் அடுப்புல நின்னவங்க நீங்க. கொழுப்பு எவ்வளவு நிக்குதுன்னு பாருங்க, மூணு மேசைக்கரண்டி அளவு வேணும், கோழி அவ்வளவு குடுக்காது, குறையுறதுக்கு வெண்ணெய் போட்டுக்குங்க. நெய் போடாதீங்க, நெய் வாசம் வந்தா பேரன் ஒரு மாதிரி பாப்பான்.

இப்ப மைதா, இங்க பாக்கெட்ல தெப்போங் காண்டும்னு போட்டிருக்குமே அது, மட்டமா 5 மேசைக்கரண்டி, சுமாரா 40 கிராம், கறி மேலயே தூவி ரெண்டு நிமிஷம் கிளறுங்க. வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியக் கூடாது, பச்சை வாசம் போயி சுட்ட ரொட்டி வாசம் லேசா வரணும். அடுப்பை குறைச்சிட்டு பால் 750 மில்லி, முதல்ல அரைக் கப் மட்டும் ஊத்தி கூழ் மாதிரி கிளறி, அடியில ஒட்டுனதையெல்லாம் சொரண்டி விட்டு, அப்புறம் இன்னொரு அரைக் கப், அப்புறம் மிச்சம். கொதி வர்ற வரைக்கும் கை எடுக்காதீங்க, பால் அடிபிடிக்கிறதுக்கு போன் எடுத்துப் பேசுற நேரம் போதும். கொதி வந்ததும் சின்ன தீயில 5 நிமிஷம். கரண்டியோட பின்பக்கம் முக்கி விரலால ஒரு கோடு போட்டா கோடு அப்படியே நிக்கணும். நீங்க நினைக்கிற பதத்துக்கு ஒரு படி தண்ணியா இருக்கும்போதே இறக்கிடுங்க, ஆற ஆற இறுகும். உப்பு கடைசியில பாருங்க, கறியில ஏற்கனவே இருக்கு. நாலு பேருக்கு தாராளம்.

நான் முதல் தடவை செஞ்சு மேசையில வச்சப்ப எங்க மாமியார் எட்டிப் பாத்துட்டு, "மஞ்சள் போட மறந்துட்டியா?"ன்னு கேட்டாங்க. உங்க வீட்டுலயும் யாராவது கேப்பாங்க. போடாதீங்க.

கேள்வி (கெலுகோர், ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிற தம்பி): அக்கா, எங்ககிட்ட ஐஸ்பெட்டியில இருக்கிறது பாக்கெட் கோழி சாசேஜ்தான். அதை வட்டம் வட்டமா வெட்டி போட்டா வராதா?

பதில்: வரும் தம்பி, ஆனா அது சாசேஜ் போட்ட வெள்ளை சாஸ், சாசேஜ் கிரேவி இல்ல. அந்த சாசேஜ் ஏற்கனவே வெந்தது, கறியையும் கொழுப்பையும் ஐஸையும் மாவா அரைச்சு தோலுக்குள்ள அடைச்சு வேக வச்சிருக்காங்க, அதுல இருக்கிற கொழுப்பு வெளிய வராது. வறுத்துப் பாரு, சட்டி அடியில ஒண்ணுமே இருக்காது. ஹாஸ்டல்ல வேற வழி இல்லன்னா வெட்டாம கையால பிச்சு போடு, ஓரம் கரடுமுரடா இருந்தா கொஞ்சமாவது செவக்கும், வெண்ணெய் மூணு மேசைக்கரண்டி நீயே போட்டுக்கணும், மிளகை ரெண்டு மடங்கா போடு, உப்பே போடாத. பர்கர் பேட்டி இருந்தா அது இன்னும் கொஞ்சம் பரவால்ல, உருக விட்டு உடைச்சு போடலாம், ஆனா அதோட மசாலா வாசம்தான் முன்னாடி நிக்கும். ராத்திரி பன்னெண்டு மணிக்கு பசிக்கு இது போதும்டா.

கேள்வி (ஆயர் ஈத்தாம் வாசகி): எனக்கு வெள்ளை சாஸ்னாலே கட்டி தட்டிப் போகுதுக்கா. வடிகட்டி வடிகட்டி கையே வலிக்குது. இதுல கறி வேற இருக்கு, வடிகட்டவும் முடியாதே?

பதில்: கட்டி ஏன் விழுதுன்னு தெரிஞ்சா நீங்களே சரி பண்ணிக்குவீங்க தங்கச்சி. காஞ்ச மாவு சூடான பால்ல நேரா விழுந்தா, வெளிப்பக்கம் உடனே வெந்து கொழகொழன்னு தோல் மாதிரி மூடிக்கும், உள்ள மாவு காஞ்சபடியே மாட்டிக்கும், அதுதான் கட்டி, எவ்வளவு கிளறுனாலும் உடையாது, நசுக்குனாத்தான் உண்டு. கொழுப்புல முதல்லயே மாவை கிளறிட்டா ஒவ்வொரு துகளையும் எண்ணெய் சுத்திக்குது, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பால்ல தனித்தனியா போயி வேகும். அதனால கொழுப்பு கம்மி, மாவு ஜாஸ்தின்னு ஆகவே கூடாது. மாவு தூவுன பிறகு சட்டியில அங்கங்க வெள்ளையா பொடி நிக்குதுன்னா கொழுப்பு பத்தலன்னு அர்த்தம், பால் ஊத்துறதுக்கு முன்னாடி இன்னும் ஒரு துண்டு வெண்ணெய் போடுங்க.

இன்னொண்ணு, பால் ஊத்துன உடனே இறுகலயேன்னு பயந்து இன்னும் ரெண்டு ஸ்பூன் மாவு தூவுறது. நான் இதை எத்தனை தடவை செஞ்சிருக்கேன்னு சொல்ல மாட்டேன். கோதுமை மாவுல இருக்கிற ஸ்டார்ச் 60 டிகிரி கிட்ட போனாத்தான் ஊதவே ஆரம்பிக்குது, கொதி நெருங்குனாத்தான் முழுசா இறுகும், அதனால கொதி வர்ற வரைக்கும் தண்ணியாதான் இருக்கும், பொறுங்க. கொதி வந்து 5 நிமிஷம் ஆகியும் தண்ணியா இருந்தா இன்னும் கொஞ்ச நேரம் வத்த விடுங்க, மாவு டப்பாவைத் தொடாதீங்க.

மீறி கட்டி விழுந்துட்டா? கறியோட கறியா போயிடும், யாருக்கும் தெரியாது. அந்த விதத்துல இது ரொம்ப தாராளமான குழம்பு.

கேள்வி (ஜெலுத்தோங் வாசகர்): சிக்கன் சாப் கூட வர்ற கிரேவி பழுப்பா இருக்கே, இது மட்டும் ஏன் வெள்ளை?

பதில்: ஹைனான் சீன சமையக்காரங்க வெள்ளைக்காரன் வீட்டு அடுப்புல கத்துக்கிட்டு நம்ம ஊரு ருசிக்கு மாத்தி வச்ச கிரேவி அது, அதுல பால் இல்ல, எலும்பு வேக வச்ச தண்ணியும் சாஸும். இதுல மாவை செவக்க விடாம பால் ஊத்துறோம், அதான் வெள்ளை. மாவை ரொம்ப செவக்க விட்டா வாசம் கூடும், ஆனா இறுக்குற சக்தி குறைஞ்சிடும், அப்புறம் அளவே மாறிப் போகும்.

கேள்வி (பட்டர்வொர்த் வாசகி): எங்க வீட்டுல பாக்கெட் பாலும், டின் பாலும்தான் இருக்கும். எதை ஊத்தணும்? தேங்காய்ப்பால் ஊத்தலாமா? சின்னவனுக்கு பால் ஒத்துக்காது.

பதில்: பாக்கெட் பால் தாராளமா ஊத்தலாம், முழுக் கொழுப்பு பாலா இருந்தா போதும், கொழுப்பு எடுத்த பால் ஊத்துனா கஞ்சி மாதிரி நிக்கும். டின்ல ரெண்டு ஜாதி இருக்கு, கவனமா இருக்கணும். தே தாரிக்குக்கு ஊத்துற இனிப்பு டின்னை எடுத்து ஊத்திட்டா கதை முடிஞ்சது. சிரிக்காதீங்க, என் சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி அவசரத்துல ஊத்தி, காலங்காத்தால கோழி பாயாசம் சாப்பிட்டோம். இனிப்பில்லாத டின் பால், எவாபரேட்டட்னு போட்டிருக்கும், அது ஒரு பங்குக்கு தண்ணி ஒரு பங்கு கலந்தா ஏறக்குறைய சாதா பால் அளவுக்கு வந்துடும், கொஞ்சம் காய்ச்சின பால் வாசம் இருக்கும், எனக்கு அது பிடிக்கும், பழைய கோப்பிக்கடை ஞாபகம் வரும். ஆனா டின் மேல என்ன எழுதியிருக்குன்னு படிச்சு வாங்குங்க, பாலுக்குப் பக்கத்துலயே கிரீமர்னு போட்டதும் அடுக்கி வச்சிருப்பாங்க, அது பெரும்பாலும் பனை எண்ணெய் கலந்தது, தேத்தண்ணிக்கு ஓகே, கிரேவிக்கு வழவழன்னு நாக்குல ஒட்டும். பால் மாவு கரைச்சு ஊத்துறதுன்னா பெரியவங்க குடிக்கிற சாதா பால் மாவு, பிள்ளைங்களுக்கு வளர்ச்சிக்குன்னு விக்கிறதுல இனிப்பும் வெனிலாவும் இருக்கும்.

தேங்காய்ப்பாலுக்கு என் பதில் வேணாம். கொதிச்சா திரியும், திரியாம பாத்துக்கிட்டாலும் கடைசியில அது சொதிக்கும் குருமாவுக்கும் நடுவுல எங்கயோ நிக்கும், அதுக்கு பேசாம நல்ல சொதியே வைக்கலாம். சின்னவனுக்கு லாக்டோஸ் எடுத்த பால் சூப்பர்மார்க்கெட்ல கிடைக்குது, அது சரியா வரும், லேசா தித்திக்கும், மிளகை கூட்டிக்குங்க. பாலே அலர்ஜின்னா அது வேற விஷயம், அப்ப லாக்டோஸ் எடுத்ததும் ஆகாது, இனிப்பில்லாத சோயா பால் ஊத்தி, வெண்ணெய்க்குப் பதிலா எண்ணெய் விட்டு செய்ங்க. இந்த ஊரு சோயா பால்ல எல்லாம் சக்கரை போட்டிருப்பாங்க, பாத்து.

கேள்வி (பிறை வாசகி): சேஜ் இலை எங்க பக்கத்து கடையில இல்லக்கா. வேற என்ன போடலாம்? கறிவேப்பிலை?

பதில்: கறிவேப்பிலை போட்டா அது நம்ம வீட்டுக் குழம்பாயிடும், அது ஒரு தப்பில்ல, ஆனா நீங்க தேடுற வாசம் அது கிடையாது. சேஜ், தைம், துளசி, கற்பூரவள்ளி எல்லாம் ஒரே குடும்பம், புதினா குடும்பம். தொட்டியில கற்பூரவள்ளி இருந்தா ரெண்டு இலை, ரெண்டே ரெண்டு, பொடிசா அரிஞ்சு கறியில போடுங்க. இன்னொரு வழி, ஓமம். தைம் இலையில வாசம் தர்ற அதே சாமான், தைமால், ஓமத்துலயும் இருக்கு, அதனால கால் டீஸ்பூன் ஓமத்தை நசுக்கி போட்டா யாரும் ஓமம்னு கண்டுபிடிக்க மாட்டாங்க. அரை டீஸ்பூன் போட்டா கண்டுபிடிச்சிடுவாங்க, பிள்ளைக்கு வயித்து வலியான்னு வேற கேப்பாங்க.

கரம் மசாலா மட்டும் வேணாம். பட்டை கிராம்பு பால்ல போனா மொத்தமும் மாறிடும்.

கேள்வி (பாயான் பாரு, ஐ.டி. வேலை பாக்குற தம்பி): அந்த பிஸ்கட் ரெண்டு தடவை செஞ்சு பாத்தேன்கா, ரெண்டு தடவையும் கல்லு மாதிரி வந்துச்சு. அளவெல்லாம் சரியாதான் போட்டேன். எங்க தப்பு?

பதில்: தப்பு உங்க மேல பாதி, பினாங்கு வெயில் மேல பாதி. அந்த பிஸ்கட் ஏடு ஏடா உப்பி வர்றதே மாவுக்குள்ள குளிர்ந்த வெண்ணெய் சின்னச் சின்ன துண்டா இருக்கிறதாலதான், ஓவன் சூட்டுல அது உருகும்போது அதுல இருக்கிற தண்ணி ஆவியாகி மாவை ஏடு ஏடா தூக்குது. நம்ம சமையக்கட்டு மத்தியானம் 32 டிகிரி, வெண்ணெய் உருகுறதும் கிட்டத்தட்ட அதே சூட்டுலதான், நீங்க பிசையும்போதே அது உருகி மாவோட கலந்துடுது. அப்புறம் எங்க ஏடு, சப்பாத்தி மாவுதான்.

அதனால விடியக்காலையில செய்ங்க, இல்ல ஏர்கான் போட்ட ரூம்ல. 80 கிராம் வெண்ணெயை 20 நிமிஷம் பிரீசர்ல வச்சு கேரட் துருவுற மாதிரி துருவிடுங்க. மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு மேசைக்கரண்டி மட்டமா, உப்பு முக்கால் டீஸ்பூன், இதோட வெண்ணெய் துருவலை விரல் நுனியால பட்டும் படாம கலந்து, ஐஸ்பெட்டியில வச்ச கெட்டி மோர் 180 மில்லி ஊத்தி சேத்துப் பிடிங்க. மோர் இல்லன்னா பால்ல ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சை சாறு விட்டு 10 நிமிஷம் வச்சா போதும். பிசையக் கூடாது தம்பி, ரொட்டி சானாய்க்கு அடிக்கிற மாதிரி அடிச்சிருப்பீங்கன்னு நினைக்கிறேன், அதுதான் கல்லு. நாலு தடவை மடிச்சு தட்டி, ரெண்டரை சென்டிமீட்டர் தடிப்புல, கிளாஸை நேரா அமுக்கி வெட்டுங்க, திருகாதீங்க, திருகுனா ஓரம் ஒட்டிக்கிட்டு எழும்பாது. ஒண்ணோட ஒண்ணு தொடுற மாதிரி அடுக்கி 220 டிகிரியில 13 முதல் 15 நிமிஷம். ஏர் பிரையர்னா 180-ல 12 நிமிஷம், எட்டாவது நிமிஷத்துல இருந்தே எட்டிப் பாருங்க, மேல சீக்கிரம் கருகும்.

உண்மையைச் சொல்லட்டா, நான் இதெல்லாம் செய்றதில்ல. பெங்காலி ரொட்டி வாங்கிட்டு வந்து தடிப்பா வெட்டி, கரி அடுப்போ கேஸோ, ரெண்டு பக்கமும் கருக்கி, மேல கிரேவியை ஊத்திடுவேன். அந்த ரொட்டிக்கு பெங்காலின்னு ஏன் பேரு வந்துச்சுன்னு இங்க ஒரு கதை சொல்வாங்க, வங்காளத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, தமிழ் முஸ்லிம் பங்காளிங்க கூட்டா சேந்து பேக்கரி நடத்துனாங்க, பங்காளி ரொட்டிதான் பெங்காலியா மாறிடுச்சுன்னு. கதை நிசமோ பொய்யோ, கறிக்குழம்பை உறிஞ்சுறதுக்குன்னே செஞ்ச ரொட்டி அது, சாதா சாண்ட்விச் ரொட்டி மாதிரி ஊத்துன உடனே கூழாகாது. இட்லி மேல ஊத்தியும் பாத்துட்டேன், இட்லியோட புளிப்புக்கு இந்த மிளகு பால் குழம்பு நல்லாவே சேருது. தோசைக்கு சேரல. ரொட்டி சானாய்க்கு ஊத்துனா எண்ணெய்க்கு மேல எண்ணெய், ரெண்டு வாய்க்கு மேல போகல.

கேள்வி (சுங்கை டூவா வாசகி): எங்க வீட்டுல வெள்ளிக்கிழமை சைவம், புரட்டாசி முழுக்க சைவம். சைவமா செய்ய வழி இருக்கா?

பதில்: இருக்கு, அதுவும் கோழியை விட நல்லா வரும்னு நான் சொல்வேன், எங்க வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டாரு. காளான் 300 கிராம் கையால பிச்சு, காஞ்ச சட்டியில எண்ணெய் இல்லாம போட்டு தண்ணி முழுக்க வத்துற வரைக்கும் விடுங்க, அப்புறம் 4 மேசைக்கரண்டி வெண்ணெய். வத்தாம எண்ணெய் ஊத்துனா காளான் அதைக் குடிச்சிட்டு சும்மா கெடக்கும். கொத்துக்கறி மாதிரி இருக்கிற காஞ்ச சோயா ஒரு கைப்பிடி ஊற வச்சு பிழிஞ்சு போட்டா மெல்றதுக்கும் இருக்கும், அதோட ஒரு டீஸ்பூன் சோயா சாஸ், அதே சேஜ், மிளகு, சாதிக்காய். மாவும் பாலும் அதே அளவு. லேசா சாம்பல் நிறமா வரும், அது காளானோட குணம், கெட்டுப் போயிடுச்சோன்னு நினைக்க வேணாம்.

கேள்வி (தஞ்சோங் பூங்கா வாசகர்): மிஞ்சுனா வச்சு சாப்பிடலாமா? சர்க்கரை வியாதிக்காரங்க சாப்பிடலாமா?

பதில்: மிஞ்சுனதை மேசையில மத்தியானம் வரைக்கும் மூடி வச்சிராதீங்க, கறியும் பாலும் சேந்தது, நம்ம சூட்டுக்கு ரெண்டு மணி நேரமே அதிகம். ஐஸ்பெட்டியில மூணு நாள் தாங்கும். எடுக்கிறப்ப கொழுக்கட்டை மாவு மாதிரி இறுகி இருக்கும், பால் கொஞ்சம் விட்டு சின்ன தீயில கிளறுனா பழையபடி வந்துடும். பிரீசர்ல வச்சா தண்ணி தனியா பிரியும், நான் வைக்கிறதில்ல.

சர்க்கரை வியாதிக்கு டாக்டரைக் கேளுங்கண்ணே. எனக்குத் தெரிஞ்சது என்னன்னா மைதா, வெண்ணெய், பால், ரொட்டி, எல்லாம் ஒரே தட்டுல, இதை யாரும் லேசான சாப்பாடுன்னு சொல்ல முடியாது. நாங்க மாசத்துக்கு ஒரு தடவைதான், அன்னைக்கு மத்தியானம் ரசம்.

கேள்வி (செந்தூல் வாசகர்): நம்ம ஆளுங்க இட்லி சட்னியே ஒழுங்கா வைக்கத் தெரியாம இருக்காங்க, வெள்ளைக்காரன் பசியாறுறதை எதுக்கும்மா நமக்கு எழுதுறீங்க?

பதில்: ஐயா, கோவிச்சுக்காதீங்க. காலையில வெளிர் குழம்பு நமக்கு ஒண்ணும் புதுசில்ல, உங்க செந்தூல் பக்கமே யாழ்ப்பாணத்து வீடுகள்ல இடியாப்பத்துக்கு சொதி வைக்கிறாங்களே, தேங்காய்ப்பால் இருக்கிற ஊருல தேங்காய்ப்பால், மாட்டுப்பாலும் பன்னிக்கொழுப்பும் இருக்கிற ஊருல அது. அதோட இது அங்க பணக்காரன் சாப்பாடும் இல்ல. இதுக்கு சா மில் கிரேவின்னே ஒரு பேரு இருக்கு, மரம் அறுக்கிற ஆலைகள்லயும் காட்டு கேம்ப்புலயும் வேலை செஞ்சவங்களுக்கு கொஞ்சம் கறியை நிறைய மாவுலயும் பாலுலயும் பெருக்கி ஊத்துனதால வந்த பேருன்னு சொல்றாங்க, சோள மாவுல செஞ்சப்ப கரகரன்னு இருந்துச்சாம், மரத்தூளை போட்டுட்டியான்னு சமையக்காரனை கிண்டல் பண்ணுவாங்களாம்.

எங்க பாட்டி சுங்கை பாக்காப் பக்கம் ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனவங்க. குளுமையா இருக்கும்போதுதான் பால் நல்லா வடியும்னு இருட்டோட போயிடணும், அதுக்கு முன்னாடி மூணு மணிக்கு எழுந்து கோதுமை மாவை உப்பு போட்டு கரைச்சு கல்லுல ஊத்தி, முந்தின நாள் கருவாட்டுக் குழம்பு சட்டி இருக்கும் பாருங்க, அதுல கொஞ்சம் தண்ணி விட்டு அடியை சொரண்டி கொதிக்க வச்சு, அதைத் தொட்டு சாப்பிட்டுட்டு போவாங்க. சட்டியை சொரண்டாம கழுவுனா அடிதான். நான் அந்த அமெரிக்கா குழம்பை முதல் தடவை செஞ்சப்ப சட்டி அடியை சொரண்டுற சத்தம் கேட்டு எனக்கு பாட்டி ஞாபகம்தான் வந்துச்சு, அதான் எழுதுனேன். இட்லி சட்னி பத்தி அடுத்த மாசம் எழுதுறேன், திட்டாம படிங்க.

கேள்வி (பூலாவ் தீக்குஸ் வாசகி): வெள்ளை குழம்புக்கு வெள்ளை மிளகுதானே போடணும்? கருமிளகு போட்டா அழுக்கு மாதிரி தெரியுதே?

பதில்: அந்த அழுக்குதான் வேணும். வெள்ளை மிளகு, கருமிளகு ரெண்டுமே ஒரே கொடியில காய்க்கிறதுதான், தோலை ஊற வச்சு உரிச்சுட்டா வெள்ளை, ஆனா வாசம் நிறைய அந்தத் தோல்லதான் இருக்கு, தோல் போனதும் காரம் மட்டும் நிக்கும், அதோட ஒரு மாதிரி ஊறல் நெடியும் வரும், சீனக்கடை சூப்புக்கு அது அழகு, இதுக்கு இல்ல. சரவாக் கருமிளகு வாங்குங்க, தூளா வேணாம், முழுசா வாங்கி உரல்ல ஒண்ணு ரெண்டா தட்டி, கறியில போட்டது போக இன்னும் ஒரு டீஸ்பூன் தனியா வச்சுக்குங்க. சட்டியை இறக்குன பிறகு பாதி, தட்டுல ஊத்துன பிறகு மேல மீதி. சின்னப் பிள்ளைங்க தட்டுல மட்டும் கொஞ்சம் கையைக் கட்டுப்படுத்துங்க.